அக்காவின் சம்பந்தமும் என் கோழிப் படமும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். அதிலும் தனி ரகம். சும்மா வந்து சொன்னால் எதையும் நம்ப மாட்டேன். பின்னணியில் மெல்ல வயலின் வாசித்துக்கொண்டு, கனத்த குரலில் நிறுத்தி நிறுத்திச் சொன்னால் போதும், கிள்ளான் ஆற்றில் திமிங்கிலம் வந்திருக்கிறது என்றாலும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பார்க்கக் கிளம்பிவிடுவேன். இப்படி ஒரு வியாதி எனக்கு இருப்பது போன வருடம்தான் தெரிந்தது. அது தெரிவதற்குள் என் அக்காவின் கல்யாணம் கிட்டத்தட்ட நின்றே போயிருந்தது.

நான் அப்போது தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியில் ஊடகப் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். வீடு கிள்ளானில். காலையில் ரயிலேறி, நின்றபடியே தூங்கிப் போய்ச் சேர்வேன். வியாழக்கிழமைகளில் ஒரு வகுப்பு உண்டு. ஆவணப்படங்கள் நம்மை எப்படி இணங்க வைக்கின்றன என்பதுதான் பாடம். எங்கள் விரிவுரையாளர் அதிகம் சிரிக்காத பெண்மணி. ஒரு படத்தைப் போடுவார். முடிந்ததும் விளக்கைப் போட்டு, ஒவ்வொருவராக எழுந்து இந்தப் படம் உங்களை என்ன செய்தது என்று சொல்லச் சொல்வார். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். என்னைத் திட்டுவது மட்டும் தமிழில்.

மற்ற மாணவர்கள் எழுந்து, ஒளிப்பதிவு இப்படி, படத்தொகுப்பு அப்படி என்று அறிவாளிகள் மாதிரி பேசுவார்கள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுவேன். வியாழக்கிழமைதோறும் நான் ஒரு புது மனிதன். அந்தப் புது மனிதனோடு குடித்தனம் நடத்தும் கொடுமை என் வீட்டாருக்கு.

கடலில் பிளாஸ்டிக் மிதக்கும் படம் பார்த்த வாரம், அம்மா சேர்த்து வைத்திருந்த ஐஸ்கிரீம் டப்பாக்களை எல்லாம் தூக்கிப் போட்டேன். எங்கள் வீட்டு ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஐஸ்கிரீமைத் தவிர எல்லாம் இருக்கும். அன்று அரைத்து வைத்த மசாலாத் தூளும் அதோடு போயிற்று. சர்க்கரையைப் பற்றிய படம் பார்த்த வாரம், அப்பாவின் டின் பாலை ஒளித்து வைத்தேன். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர். டின் பால் இல்லாத தேநீர் அவருக்கு டீசல் இல்லாத லோரி மாதிரி. தூக்கத்தைப் பற்றிய படம் பார்த்த வாரம், சாயங்காலத்திலேயே வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன். அக்கா என்னைப் பிடுங்கி எறியப் பார்த்தாள்.

இதெல்லாம் சில்லறைக் குற்றங்கள். பெரியது அடுத்து வந்தது.

அக்கா ஒருவரை விரும்பினாள். கிள்ளானில் பொறியாளராக வேலை பார்ப்பவர், சொந்த ஊர் பந்திங். அப்பா ரொம்ப நாள் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டால், "பந்திங் தூரம் லா" என்பார். லோரியில் தெற்குக் கோடி ஜொகூர் வரை போய் வருகிற மனிதருக்குப் பந்திங் என்ன தூரம்? அது கிலோமீட்டரில் அளக்கிற தூரம் இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அக்கா சண்டை போடவில்லை, அழவில்லை. அப்பாவுக்குத் தேநீர் கலக்கும்போதெல்லாம் அதே பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒரு வருடத்துக்கு மேல் பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தாள். இணங்க வைக்கும் கலையை எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒருத்தி நடத்திக்கொண்டிருக்க, நான் அதைப் படிக்க ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போய்க்கொண்டிருந்தேன்.

ஒருவழியாக அப்பா தலையாட்டினார். பெண் பார்க்கும் சடங்கெல்லாம் பிறகு, முதலில் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு வேளை சாப்பிடலாம் என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் வீட்டில், வாழையிலைச் சாப்பாடு.

அதற்கு முந்தின வியாழக்கிழமை வகுப்பில் என்ன படம் போட்டார்கள் தெரியுமா? கோழிப் பண்ணை.

எந்த நாட்டுப் பண்ணையோ தெரியாது. இருட்டுக் கொட்டகை, நெருக்கியடித்துக்கொண்டு கோழிகள், ஒரு கோழியின் கண் மட்டும் திரை முழுக்க. கூடவே வயலின். அந்தக் கோழி என்னை மட்டும் பார்த்து, "நீயுமா?" என்று கேட்ட மாதிரி இருந்தது. அன்று மதியம் கடையில் என் தட்டிலிருந்த வறுத்த கோழியை நண்பனிடம் தள்ளிவிட்டேன். அவனும் அதே படத்தைப் பார்த்தவன்தான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா மூவரும் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பளபளக்கும் பூப்போட்ட பாத்தேக் சட்டையில், சாயம் பூசிய தலைமுடியோடு, தேர்தலுக்கு நிற்பவர் போல் எல்லோருக்கும் கை கொடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா சின்ன உருவம், அதிகம் பேசவில்லை. இலை போட்டு அம்மா பரிமாறினார். சோறு, சாம்பார், கூட்டு, அப்பளம், விடியற்காலையிலேயே எழுந்து செய்த கோழிப் பிரட்டல். என் இலையில் விழுந்த கோழியை நான் விரல் நுனியால் ஓரத்துக்குத் தள்ளினேன்.

எதிரே இருந்த மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, முகம் மலர்ந்து, "என்ன தம்பி, கோழி சாப்பிடறதில்லையா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அந்தப் படத்தில் பேசியவரின் கனத்த குரல் எனக்குள்ளிருந்து புறப்பட்டது. கோழியின் பிறப்பிலிருந்து ஆரம்பித்தேன். மேசைக்கு அடியில் அக்கா மிதித்தாள். ஆர்வத்தில் மிதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அது கொட்டகைக்குள் வளரும் விதத்தைச் சொன்னேன். லோரியில் ஏற்றும் விதத்தைச் சொன்னேன். லோரிக்காரரான என் அப்பா இருமினார். கடைசியாகக் கைப்பேசியை எடுத்து, அந்தக் கண்ணையும் காட்டினேன். வயலினோடு.

எல்லோருடைய கையும் இலைமேல் அப்படியே நின்றது.

மாப்பிள்ளையின் அப்பா மெதுவாகக் கேட்டார். "இந்தப் பண்ணை எங்க இருக்கு தம்பி?"

"வெளிநாட்டுல, அங்கிள்."

"ஓ. எங்களுது பந்திங்ல."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "என்னது அங்கிள்?"

"கோழிப் பண்ணை."

மாதக்கணக்காக அக்கா இதை வீட்டில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான்தான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. "சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். சாப்பிட்ட இலையை நம் பக்கமாக மடித்தால் திருப்தி என்று அர்த்தம். அவர் எந்தப் பக்கமும் மடிக்கவில்லை. பாதிச் சோற்றோடு திறந்தே கிடந்த அந்த இலையை அம்மா பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. மூவரும் பாயசத்துக்குக்கூட உட்காரவில்லை. போகும்போது மாப்பிள்ளையின் அம்மா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "பேசிட்டுச் சொல்றோம்" என்றார்.

கார் முனை திரும்பியதும் அப்பா என் பக்கம் திரும்பினார். இத்தனை நாள் பந்திங் தூரம் என்று சொன்னவர், "வீடு தேடிச் சாப்பிட வந்த மனுஷன பாதியில எழுப்பிட்டியேடா" என்று கத்தினார். அக்கா கத்தவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்று கதவோடு பேசினேன்.

"அக்கா, நான் வேணும்னு செய்யல."

"தெரியும். உனக்கு வேணும்னு செய்ய அறிவு பத்தாது."

ஒரு வாரம் போயிற்று. பந்திங்கிலிருந்து போன் வரவில்லை. மாப்பிள்ளையிடம் அக்கா கேட்டதற்கு, "அம்மா வாயே திறக்க மாட்டேங்கிறாங்க" என்றார். நாமாவது கூப்பிடலாமே என்று அம்மாவிடம் கேட்டேன். "அவங்கதானே பேசிட்டுச் சொல்றோம்னு சொன்னாங்க? பொண்ணு வீட்டுக்காரங்க நாம முந்திக்கிட்டு போன் போட்டா இறங்கிப் போற மாதிரி ஆயிடாதா?" என்றார். இரண்டு வாரம் போயிற்று. அக்கா அப்பாவுக்குத் தேநீர் கலந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வேலைக்குப் போனாள். அப்பா அந்தத் தேநீரை ஆறவிட்டுக் குடித்தார். அது என்னவோ என்னால் பார்க்க முடியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து வகுப்பில் வேலை ஒன்று கொடுத்தார்கள்: பார்ப்பவரை ஏதாவது ஒன்றுக்கு இணங்க வைக்கும் சின்ன ஆவணப்படம் எடுக்க வேண்டும். எனக்குப் பொறி தட்டியது. பந்திங் பண்ணையைப் பற்றி ஓகோவென்று ஒரு படம் எடுப்போம். அங்கிள் மனம் குளிர்ந்து சம்பந்தத்துக்குச் சரி சொல்லிவிடுவார். வீட்டிலும் நல்ல பெயர், வகுப்பிலும் நல்ல மதிப்பெண். இப்படிப்பட்ட யோசனைகள் எனக்கு மட்டும்தான் வரும்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "வா வா, அப்பாவுக்குக் கேமரான்னா உயிரு" என்றார்.

உண்மைதான். சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய் இறங்கினால், அங்கிள் இஸ்திரி போட்ட புது பாத்தேக் சட்டையில் தயாராக நின்றார். கோழிப் பண்ணைக்குள் அப்படி ஒரு சட்டையை யாரும் போட மாட்டார்கள். இருப்பதிலேயே புதுக் கொட்டகையை மட்டும் காட்டினார். அழகான குஞ்சாகத் தேடிப் பிடித்துக் கையில் ஏந்திக்கொண்டு, "இந்தப் பக்கம் வெளிச்சம் எப்படி, தம்பி? மியூசிக் நாதஸ்வரமா போடு, கல்யாண வீடு மாதிரி இருக்கும்" என்றார். எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான். அவர் பேசப் பேச நான் எடுத்துத் தள்ளினேன்.

ஒரே ஒரு தொல்லை. அங்கிள் நல்ல இடத்தில் நின்று பேசும்போதெல்லாம், பின்னால் அவர் மனைவி, ஆன்டி, தீவன வாளியோடு போவார். பழைய கைலி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. படத்தின் அழகே கெட்டது. "ஆன்டி, கொஞ்சம் ஒதுங்கிக்குங்க, கேமராவில விழறீங்க" என்றேன். ஒதுங்கினார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தார். மறுபடியும் ஒதுங்கச் சொன்னேன். மத்தியானம் எனக்குத் தோசை சுட்டுக் கொடுத்தார். என்னோடு பேசவில்லை. சம்பந்தத்தைப் பற்றி அங்கிளிடம் மெல்ல இழுத்துப் பார்த்தேன். "அதெல்லாம் வீட்ல பேசுவாங்க தம்பி" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

வியாழக்கிழமை வகுப்பில் என் படத்தைப் போட்டார்கள். நாதஸ்வரம் முழங்க, பொன் வெயிலில் குஞ்சுகள் ஓட, அங்கிள் மன்னர் போல நடந்து வந்தார். பையன்கள் விசிலடித்தார்கள். படம் முடிந்ததும் விரிவுரையாளர் ஓரிடத்துக்குத் திருப்பிப் போட்டு நிறுத்தச் சொன்னார். திரையின் ஓரத்தில் ஒரு கையும் ஒரு வாளியும் மட்டும் தெரிந்தன.

"இது யாரு?" தமிழில் கேட்டார். திட்டு வரப்போகிறது என்று புரிந்தது.

"அங்கிளோட வைஃப், மிஸ். தெரியாம உள்ள வந்துட்டாங்க."

"அவங்க உள்ள வந்தாங்களா, நீ வெளிய தள்ளினியா?"

வகுப்பு சிரித்தது. வழக்கமாக நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அன்று முடியவில்லை. ரயிலில் வரும்போது எடுத்த காட்சிகளை எல்லாம் கைப்பேசியில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் ஓரத்தில் ஆன்டி இருந்தார். வாளியோடு, குழாயோடு, துடைப்பத்தோடு. அங்கிள் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் பண்ணையை நடத்திக்கொண்டிருந்தவர் அவர்தான். சட்டென்று இன்னொன்றும் உறைத்தது. அன்று வாசலில் நின்று, பேசிட்டுச் சொல்றோம் என்றவரும் அவர்தான். 'வீட்ல பேசுவாங்க' என்று அங்கிள் சொன்னது யாரை? நான் வேறு ஆளை அல்லவா இணங்க வைத்துக்கொண்டிருந்தேன்!

அடுத்த சனிக்கிழமை மறுபடி பந்திங். இந்த முறை ஆன்டியைக் கேட்டேன். "உங்கள எடுக்கணும் ஆன்டி."

"ஏன், கேமராவில விழுந்துடுவேனே?"

வாங்கிக்கொண்டேன். பழைய கொட்டகைக்குக் கூட்டிப் போனார். நாற்றம் கண்ணைக் கரித்தது. காலையில் செத்துக் கிடந்த கோழிகளை வாளியில் போட்டுக்கொண்டே வந்தார். நான் கேமராவைக் கொஞ்சம் தாழ்த்தினேன். அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "கோழிங்க பாவம்னு தோணாதா ஆன்டி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அன்று எங்கள் வீட்டு மேசையில் ஆரம்பித்ததும் இதே பேச்சுதானே!

அவர் குனிந்தபடியே சொன்னார். "பாவம்தான். அதான் நான் சாப்பிடறதில்ல. கல்யாணமாகி இங்க வந்த வருஷமே விட்டுட்டேன்."

நான் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தேன். "அன்னைக்கு எங்க வீட்ல..."

"உங்கம்மா எனக்கு வெறும் சாம்பார்தான் ஊத்துனாங்க. நீ எங்க பார்த்த? நீயும் கோழிய ஒதுக்குறத பார்த்து, நம்மள மாதிரி ஒரு ஆளுன்னு சந்தோஷமா கேட்டேன். நீ மைக் பிடிச்சிட்ட."

நான் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டு நின்றேன். இது என் வரலாற்றில் அபூர்வம்.

"நீ சொன்னது பொய்யின்னு நான் சொல்லல தம்பி. பசியோட உட்கார்ந்து சாப்பிடற மனுஷன் முன்னால சொன்ன பாரு, அதான் எனக்கு ஆகல. இவரு அன்னைக்கு ராத்திரியும் சாப்பிடல. சரி, சின்னப் பையன், உங்க வீட்ல ஒரு வார்த்தை சாரின்னு போன் வரும்னு இருந்தேன். ஒண்ணும் காணோம். நீ கேமராவத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிற."

அங்கே கிள்ளானில் நாங்கள் பந்திங் போனுக்காகக் காத்திருக்கிறோம். இங்கே பந்திங்கில் இவர்கள் கிள்ளான் போனுக்காகக் காத்திருக்கிறார்கள். நடுவில் அக்காவின் கல்யாணம் அந்தரத்தில் தொங்குகிறது. நானோ நாதஸ்வரம் சேர்த்தேன், வெயிலைப் பிடித்தேன், குஞ்சுகளை ஓடவிட்டேன், படித்த வித்தை எல்லாவற்றையும் இறக்கினேன். சொல்ல வேண்டிய ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை.

கேமராவை அணைத்துவிட்டு, கோழி எச்சத்தின் நடுவில் நின்றபடி சொன்னேன். "மன்னிச்சிடுங்க ஆன்டி. தப்பு என்னோடதுதான். அக்கா மேல ஒண்ணும் இல்ல."

"உங்கக்கா மேல எங்களுக்கு என்ன? அது தங்கமான பொண்ணு" என்றவர், "இத மொத வாரமே சொல்லியிருந்தா இவ்ளோ பஸ் ஏறியிருக்க வேண்டாம்" என்று வாளியை என் கையில் கொடுத்தார். அன்று முழுக்கத் தீவனம் சுமந்தேன். அங்கிளிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையோடு கையை அசைத்துவிட்டு, "அது கிடக்கட்டும், படத்துல நான் வர்ற அந்த சீன வெட்டிடலையே?" என்று கேட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆன்டி கோழி சாப்பிட மாட்டார் என்று தெரிந்துதான் சாம்பார் ஊற்றினாராம். அப்பா போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். எண்ணைத் தட்டுவதும் நிறுத்துவதுமாக இருந்தார். அக்கா தேநீரைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள். கடைசியில் அப்பா போட்டுவிட்டார். ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் ஒரே சங்கடம். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் அங்கிளும் டீசல் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அக்கா உள்ளே வந்து என் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். கோபம் போய்விட்டது என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இரண்டாவது படத்தையும் வகுப்பில் போட்டேன். நாதஸ்வரம் இல்லை, வயலின் இல்லை. கோழிச் சத்தமும் வாளிச் சத்தமும் மட்டும். அங்கிளின் சீன் இருந்தது, ஆன்டி அவரைத் திட்டும் சீனும் இருந்தது, செத்த கோழிகளும் இருந்தன. பார்த்தவர்களில் ஒருத்தி இனிமேல் கோழி தொட மாட்டேன் என்றாள். என் நண்பன் பசிக்கிறது என்றான். விரிவுரையாளர், "யாரை எதுக்கு இணங்க வைக்குது இந்தப் படம்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியாது.

இப்போதும் நான் படம் பார்த்தால் அழுகிறேன். அந்த வியாதிக்கு மருந்தில்லை. கோழியை விட்டவன் விட்டவன்தான். ஆனால் யாரையாவது என் பக்கம் இழுக்க வாயைத் திறக்கும்முன், அவருக்கு நான் ஒரு மன்னிப்பு பாக்கி வைத்திருக்கிறேனா என்று ஒரு கணம் யோசிக்கிறேன். அந்த ஒரு கணத்தில் பாதிப் பிரசங்கம் தானாகவே அடங்கிவிடுகிறது.

நிச்சயதார்த்தம் கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்கவே நிறைவாக இருந்தது. பந்தியில் பக்கத்து இலையில் ஆன்டி உட்கார்ந்திருந்தார். இப்போது எனக்கு அத்தை. சும்மா இருக்க முடியாமல் குனிந்து கேட்டேன். "அத்தை, உண்மையச் சொல்லுங்க. நீங்க இந்தக் கல்யாணத்துக்குச் சரின்னு சொன்னதுக்கு என் படமும் ஒரு காரணம்தானே?"

அத்தை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார். "இல்ல தம்பி, அதையும் மீறித்தான்."